மலையாள நாட்டு மரநூல்

மலையாள நாட்டு மரஞ்செடிகளைப் படத்தோடு விளக்கும் ‘ஓர்த்துசு மலபாரிக்கசு’ என்னும் இலத்தீன் நூல், ஆம்சுடர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன்கண் ஏறத்தாழ 740 நிலைத்திணை வகைகள் இடம்பெற்றுள்ளன, தென்னை முதலாவது. டச்சுக் கும்பினியின் மலையாளப் பகுதித் தலைவராயிருந்த வான் ரீடே இதன் ஆசிரியர் என்பர்.

ஆயின் நூலே வேறொன்று கூறுகின்றது. கரப்புறத்துக் கொல்லாட்டு வீட்டினரான ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் 1675-இல் கோலெழுத்தில் வரைந்து தந்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சேறியுள்ளது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரின் கொங்கணிச் சான்றுரையும் உடன் உள்ளது. அச்சுதன் மலையாளத்திற் கூறியவை போர்த்துகீசியத்திற்கும், அதனினின்று இலத்தீனுக்கும் பெயர்ந்தன. இத்தனை கைமாறியும் மரப்பெயர்கள் பெரிதும் சிதையாதது வியப்பே. படங்களிலேயே அவற்றை மலையாள எழுத்திலும் பொறித்தமை அதற்குக் காரணம் எனக் கருதுகிறோம்.

லின்னேயசு 1753-இல் மகிழமரத்திற்கு இட்ட ‘எலெங்கி’ என்னும் சிறப்புப்பெயர் இந்நூல் தந்ததே. அது மலையாளத்து இலஞ்ஞி. தமிழ் அகராதிகளிலும் மகிழுக்கு இலஞ்சி என்னும் பெயர் உண்டு. பெயர் உலகெங்கும் பரவியது. பெயர் சொன்னவரை அறிந்தார் சிலரே. கா. சு. மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல் வெளிவந்தது. அச்சுதன் பேசிய மலையாளத்தில் அந்நூல் வந்தது 2008-இல், முதல் தொகுதி அச்சேறி 330 ஆண்டுகள் கழிந்தபின்.