விலக்கப்பட்ட காதலும் வழங்கப்பட்ட மன்னிப்பும்: ‘பொன்மணி’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் எண்ணிக்கைக் குறைவையும் தென்னிந்தியப் படங்களின் சந்தைப் பலத்தையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். அவை எச்சமூகத்தின் எப்பிரச்சினையைத் திரைக்குக் கொணர்ந்தன என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’ அவ்வினாவுடன் அணுகப்படவேண்டிய படமாகும். குடும்பம் விலக்கிய காதலே அதன் கதைப்பொருள். இக்கதைப்பொருளைக் கொண்ட குடும்பப் படங்கள் உலகெங்கணும் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை பெற்றோரின் மனமாற்றத்தோடும் குடும்பத்தின் ஒன்றுகூடலோடும் முடிவன. ‘பொன்மணி’ அவ்வாறு முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினா.

இதற்கு விடை காண்பதற்குத் திரைப்படத்தை மட்டும் நோக்குதல் போதாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியிலே, பருத்தித்துறையையும் அதன் அயற்கிராமங்களையும் சார்ந்து, கலப்பு மணம் பற்றிய இருவேறு வரலாறுகள் அருகருகே ஓடியுள்ளன. ஒன்றில், கடல்கடந்தும் இனங்கடந்தும் நிகழ்ந்த மணங்கள் பெருமையோடு நினைவுகூரப்படுகின்றன. மற்றையதில், வேலிக்கு அப்பால் வாழ்ந்தவரோடு ஒரே கடையில் ஒரே குவளையில் தேநீர் அருந்துவதே குற்றமெனக் கொள்ளப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போதுதான், குடும்பம் எவருக்கு மன்னிப்பு வழங்குகின்றது, எவருக்கு மறுக்கின்றது என்பது புலனாகும்.

2

முதற்கண் இக்கதைவகையின் இயல்பினை ஓர் உதாரணத்தின் மூலம் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஸ்ரான்லி கிறேமர் நெறிப்படுத்திய ‘கெஸ் ஹூஸ் கம்மிங் ரு டின்னர்’ என்ற அமெரிக்கப் படம் 1967 டிசம்பரில் வெளிவந்தது. வெள்ளையினப் பெண்ணொருத்தி தான் மணக்க விரும்பும் கறுப்பின மருத்துவரைத் தன் பெற்றோரின் வீட்டிற்கு அழைத்து வருகின்றாள். தந்தை பத்திரிகை அதிபர். இனசமத்துவத்தைத் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர். அத்தகையவர் தம் சொந்த வீட்டு வாயிலிலே தடுமாறுகின்றார். ஒருநாட் பொழுதின் விவாதத்திற்குப் பின்னர் அவர் இணங்க, இரு குடும்பங்களும் விருந்துக்கு அமர்கின்றன.

அதே ஆண்டு ஜூன் 12ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், கலப்பின மணத்தைத் தடைசெய்யும் மாநிலச் சட்டங்கள் அரசியலமைப்பிற்கு முரணானவை என லவிங் வழக்கிலே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வழங்கப்பட்டபோது 16 மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் நடைமுறையிலிருந்தன. எனவே அப்படம் வெறும் கற்பனையைப் பேசவில்லை. அதன் துணிவை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. மணமகன் உலகப் புகழ்பெற்ற மருத்துவர். அவருடைய தந்தையோ ஓய்வுபெற்ற தபாற்சேவகர். மகன் மருத்துவராக அல்லாது தந்தையைப் போலத் தபாற்சேவகராக இருந்திருப்பின் அவ்வீட்டு வாயில் திறந்திருக்குமா? படம் இவ்வினாவை எழுப்பவில்லை. இனத்தடையை நீக்குவதற்கு வர்க்க உயர்வு விலையாகச் செலுத்தப்பட்டது என்பதே அதன் உட்கிடை. குடும்பப் படங்களிற் காணப்படும் இணக்கத்தின் பொருளாதாரம் இதுவாகும்.

3

இப்பொருளாதாரம் எமக்கும் புதியதன்று. பருத்தித்துறைப் பகுதியிலுள்ள கெருடாவிலிற் பிறந்தவர் ஆ. குமாரசுவாமி முதலியார். ஆங்கிலேய ஆட்சியிலே தலைமை மொழிபெயர்ப்பாளராக உயர்ந்த அவர், 1835இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழரின் முதற் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். அவருடைய புதல்வர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்று, 1863இல் கிறித்தவரல்லாத ஒருவர் அந்நாட்டிற் பாரிஸ்டராகும் அரிய பேற்றினை அடைந்தார். 1874இல் ‘சேர்’ பட்டமும் பெற்றார். அதனையடுத்து எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். இவர்களுக்கு 1877இற் பிறந்த மகனே கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி.

முதலியாரின் மகள்வழிப் பேரனான சேர் பொன்னம்பலம் இராமநாதனும் பிற்காலத்திலே அவுஸ்திரேலியப் பெண்மணி ஒருவரை இரண்டாவது மனைவியாக ஏற்றார். லீலாவதி எனப் பெயர் பூண்ட அவ்வம்மையார், 1913இல் நிறுவப்பெற்ற இராமநாதன் கல்லூரியின் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தவர். சைவப் பெண்களுக்கெனத் தோன்றிய ஒரு கல்லூரியில் வேற்றினத்து மருமகள் ஒருவர் பெற்ற மதிப்பு இது.

இம்மணங்களை யாழ்ப்பாணத்து உயர்குழாம் இழுக்கெனக் கருதி மறைத்ததில்லை. வரலாற்று நூல்கள் அவற்றைச் சிறப்புடனேயே பதிவு செய்கின்றன. ஆயின் இதே இராமநாதன், 1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிசீலித்தபோது அதனை எதிர்த்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. இனங்கடந்த மணத்தைத் தம் இல்லத்தில் ஏற்ற ஒருவர், தம் ஊரின் உழைப்பாளி தமக்குச் சமமாக ஒரு வாக்கினைப் பெறுவதை ஏற்கவில்லை. இதனைத் தனிமனிதர் ஒருவரின் முரண்பாடாக மட்டும் காண்பது பொருந்தாது. அது அவருடைய வர்க்கத்தின் ஒழுங்கான பார்வையாகும். வெள்ளையினப் பெண் மேலிருந்து வந்தவள், ஆட்சியாளரின் இனத்தவள். கீழிருந்து வருபவருக்கே வாயில் அடைக்கப்பட்டது.

4

இவ்வேறுபாட்டின் அடித்தளத்தை நிலவுடைமையிலே தேடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை எனத் தொகுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துகளை அது வேறுபடுத்துகின்றது. மகளுக்குரிய பங்கு சீதனமாக அவளோடு செல்கின்றது. காணியும் வீடும் நகையும் பெண்வழியே கைமாறுவதால், அவள் எவரை மணக்கின்றாள் என்பது காணி எவரிடஞ் செல்கின்றது என்பதாகவும் அமைகின்றது. ஆகவே பெண்ணின் காதல் ஒரு சொத்துப் பிரச்சினையாகின்றது. சாதித் தூய்மை, குடும்ப மானம் என்பன இச்சொத்துறவைப் பேணும் மொழியாகும்.

இங்கிலாந்துப் பெண்ணை மணந்த ஆண்மகனால் ஊரின் காணி வேற்றுச் சாதிக்குச் செல்லவில்லை. கிராமத்துச் சீதனக் கணக்கிற்கு வெளியிலேயே அம்மணம் நிகழ்ந்தது. மேலும், மேற்கூறிய மணங்களில் எல்லையைக் கடந்தவர்கள் எமது பக்கத்தில் ஆண்களே. எல்லை கடக்கும் பெண்ணுக்கு அதே சமூகம் என்ன செய்தது என்பதுதான் ‘பொன்மணி’யின் கதை.

5

அக்கதைக்கு முன்னர், அது தோன்றிய காலத்தின் சூழலையும் சுருக்கமாக நோக்குவோம். பருத்தித்துறைத் தொகுதி 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையாவை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டில், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. கடை, கிணறு, ஆலயம் முதலியவற்றிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் நூலில் இருந்ததேயன்றி வாழ்வில் இறங்கவில்லை. 1966 அக்டோபரில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களே அதற்கு உயிரூட்டின. சங்கானையிலும் கன்பொல்லையிலும் தேநீர்க் கடைகளுக்காகவும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலய வாயிலுக்காகவும் மக்கள் போராடினர்.

வடமராட்சியின் எழுத்தாளர் என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதை இங்கு நினைவுகூரத்தக்கது. சமூகச் சீர்திருத்தம் பேசும் பெரியவர் ஒருவர், தம்மை நாடி வந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டினுள் அழைக்க விரும்பாது, வெளியே நிலவொளியில் அமர்ந்து பேசலாம் என்கின்றார். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் தடுமாறிய அதே வாயில்தான் இதுவும். வேற்றுமை என்னவெனில், வந்தவர் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் அல்லர். ஆதலால் நிலவு கிடைத்தது, விருந்து கிடைக்கவில்லை.

6

‘பொன்மணி’யை நெறிப்படுத்திய தர்மசேன பத்திராஜ ஒரு சிங்களக் கலைஞர். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 1974இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாண வளாகத்திலே விரிவுரையாளராகப் பணியாற்றியவர். திரைக்கதையைக் காவலூர் இராசதுரை எழுதினார். இசை எம். கே. றொக்சாமி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலைச் சார்ந்த கல்வியாளர் சிலரும் இதில் நடித்தனர். சிங்கள நெறியாளரும் தமிழ் எழுத்தாளரும் பல்கலைக்கழகத்தவரும் சேர்ந்து யாழ்ப்பாணச் சாதியமைப்பை விசாரணைக்குட்படுத்தினர் என்பது, 1977ஆம் ஆண்டின் இனவன்முறையை எண்ணும்போது தனிப் பொருள் பெறுகின்றது.

கதை எளியது. நலிவடைந்து செல்லும் உயர்சாதிக் குடும்பம் ஒன்று. சீதனமின்மையால் மூத்த மகள் மணமாகாதிருக்கின்றாள். இளையவள் பொன்மணி, தம்மிற் குறைந்ததெனக் குடும்பம் கருதும் சாதியைச் சேர்ந்த இளைஞன் ஒருவனைக் காதலித்து அவனுடன் செல்கின்றாள். இறுதியில் அவள் கொல்லப்படுகின்றாள்.

இங்கு மூத்தவளின் நிலையே இளையவளின் செயலுக்கு விளக்கமாக அமைவதைக் காணலாம். ஒழுங்கிற்குக் கட்டுப்பட்டவளுக்கு அவ்வொழுங்கு கொடுத்தது காத்திருப்பு. அதனை மீறியவளுக்குக் கொடுத்தது மரணம். குடும்பத்திடம் சொத்துக் குன்றியபோது சாதிப் பெருமையே எஞ்சிய ஒரே சொத்தாகின்றது. அதனையும் ஒரு பெண் கொண்டுசென்றால் மன்னிப்பதற்குக் குடும்பத்திடம் எதுவும் மிஞ்சுவதில்லை. செல்வமுள்ள குடும்பத்திற்கு மன்னிப்பு ஓர் ஆடம்பரம். நலிந்த குடும்பத்திற்கு அதுவும் எட்டாதது. பத்திராஜ இணக்கத்தை மறுத்தமை அவநம்பிக்கையின் விளைவன்று. சமூக யதார்த்தத்தின் மீது அவர் கொண்ட நேர்மையின் விளைவாகும்.

இப்படம் வசூலில் வெற்றி பெறவில்லை. தென்னிந்தியப் படங்களிலே சாதி பெரும்பாலும் ஏழை-பணக்காரர் வேறுபாடாக உருமாற்றப்பட்டு, இறுதிக் காட்சியில் தந்தையின் கண்ணீரோடு தீர்க்கப்பட்டமைக்குப் பழகிய பார்வையாளருக்கு, தம் வீட்டின் பெயரையே சொல்லும் படம் உவப்பாயிருக்கவில்லை எனலாம்.

7

இனங்கடந்த உறவினைப் பேசிய பிற இலங்கைப் படங்களும் எளிதில் இணக்கங் கண்டனவல்ல. 1979இல் சுனில் ஆரியரத்ன நெறிப்படுத்திய ‘சருங்கலே’யில், யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரான நடராஜா என்னும் பாத்திரத்தைக் காமினி பொன்சேகா ஏற்றார். 1958ஆம் ஆண்டின் வன்செயலில் அவன் வாழ்வு முடிகின்றது. பிரசன்ன விதானகேயின் ‘ஒப நாத்துவ ஒப எக்க’ (2012), தாஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவலொன்றைத் தழுவி, சிங்கள அடகுகடைக்காரன் ஒருவனுக்கும் தமிழ்ப் பெண்ணொருத்திக்கும் இடையிலான மணத்தைச் சித்திரிக்கின்றது. கணவன் முன்னாட் படைவீரன் என்பதை அவள் அறிந்த பின்னர் அன்பு மட்டும் அவ்வீட்டைக் காக்கப் போதவில்லை. உண்மை பேசப்படாத இடத்தில் மணவுறவு மன்னிப்பாகாது என்பதே அப்படத்தின் செய்தி.

2009இல் போர் முடிவுற்ற பின்னர் ‘நல்லிணக்கம்’ என்னும் சொல் அரச ஆவணங்களிலும் மேடைகளிலும் பெருவழக்காயிற்று. 2010இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவும் அச்சொல்லைத் தன் பெயரிற் கொண்டிருந்தது. குடும்பப் படத்தின் இறுதிக் காட்சியையே இச்சொல்லும் அவாவுகின்றது. ஆயின் விலை பற்றிய பேச்சைத் தவிர்க்கின்றது. இக்குறையை அரசின்மீது மட்டும் சுமத்தி நாம் ஒதுங்கிவிட முடியாது. 2018இல் வரணியில் ஓர் ஆலயத்தின் தேரினை, ஒடுக்கப்பட்ட சாதியினர் வடந்தொடுவதைத் தவிர்க்கும்பொருட்டுப் பெக்கோ இயந்திரத்தினால் இழுத்தனர் என்ற செய்தி படங்களுடன் வெளிவந்தது. பிறரிடம் சமத்துவங் கோரும் சமூகம், தன் வடத்தில் ஒரு கை படுவதைத் தாங்கவில்லை.

8

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு வருமாறு: விலக்கப்பட்ட காதலைக் குடும்பம் ஏற்பதும் மறுப்பதும் பெற்றோரின் உள்ளத்து மென்மையை மட்டும் பொறுத்ததன்று. எல்லையைக் கடந்தவர் ஆணா பெண்ணா, மேலிருந்து வந்தவரா கீழிருந்து வந்தவரா, அம்மணத்தாற் காணி கைமாறுமா என்பனவே அதனைத் தீர்மானித்துள்ளன. கெருடாவிலின் வழித்தோன்றல்களுக்கு இலண்டன் மருமகள் இழுக்காகவில்லை. பொன்மணிக்கோ அடுத்த தெருவே கடக்க முடியாத கடலாயிற்று.

ஆகவே, இணக்கத்தோடு முடியும் ஒரு படத்தைக் காணும்போது, அவ்விணக்கத்தின் விலையை எவர் செலுத்தினார் என்று கேட்கும் பழக்கம் எமக்கு வேண்டும். இணக்கமின்றி முடியும் படத்தைக் காணும்போது, அம்முடிவை மாற்றும் பொறுப்பு திரைக்கு வெளியே எம்மிடம் விடப்பட்டுள்ளது என்பதை உணர்தல் வேண்டும். ‘பொன்மணி’ வெளிவந்து அரை நூற்றாண்டு நெருங்குகின்றது. அப்பெண்ணை வீட்டிற்குள் அழைக்கும் காட்சியை எமது சமூகம் இன்னும் எழுதி முடிக்கவில்லை.