கண்டி மலைச்சாரலில் வளர்ந்தோர் எழுத்தறிவும் வேலைவாய்ப்பும்

பள்ளிப் பருவத்தைக் கடந்தவர்கள் ஒரு மொழியில் வாசித்துப் பொருள் உணரவும், எழுதவும், அன்றாடக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும் பெறும் திறனே வளர்ந்தோர் எழுத்தறிவு. இலங்கையில் இதை ஒரு பிரச்சினையாகவே பலர் கருதுவதில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 95.7 சதவீதத்தினர் எழுத்தறிவுள்ளவர்களாகப் பதிவானார்கள்; அந்த எண் தரும் நிறைவில் மலைப்பகுதியின் நிலை மறைந்து போகிறது. மத்திய வங்கியின் 2003/04 நுகர்வோர் நிதி அளவாய்வு நாடு முழுவதற்கும் 92.5 சதவீதம் என்று கண்ட அதே வேளையில், தோட்டப்புறத்தில் 81.3 சதவீதமே கண்டது. கண்டி மாவட்டத்தில் இந்த இடைவெளி குவிந்து கிடக்கும் இடங்களைப் பெயர் சொல்லிக் காட்டலாம்: புசல்லாவ, நாவலப்பிட்டி, கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, ரங்கல என்று நகரைச் சூழ்ந்திருக்கும் தேயிலை மலைகள், நகருக்குள்ளேயே, மாநகரசபைத் துப்புரவுப் பணிக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் வாழும் மஹியாவ. இங்கெல்லாம் எழுத்தறியாதவர் வேலையில்லாதவர் அல்லர். விடிந்தால் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர், கூடையோ விளக்குமாறோ கையில் இல்லாத நாளை அறியாதவர். எழுத்தறியாமையால் வேலை கிடைக்காமல் போனது என்னும் பொதுக் கருத்து அவர் விடயத்தில் தலைகீழாகி விடுகிறது. எழுத்தே தேவைப்படாதபடி அமைக்கப்பட்ட ஒரு வேலைதான் எழுத்தறியாமையைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தது. ஆகவே கண்டியில் வளர்ந்தோர் கல்வி பலன் தர வேண்டுமானால், அது அந்த வேலையின் சொந்தக் காகிதங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வேலையின் வரலாறே இதற்குச் சான்று. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் வாழ்வை நிர்ணயித்தவை எழுதப்பட்ட தாள்களே. ஆனால் அவற்றை அவர்களால் வாசிக்க முடியாது. ஆள் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகி, இந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ ஆனது. ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு, எவ்வளவு கடனோடு போகிறது என்பதை அந்தத் துண்டு சொல்லியது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அது என்ன சொல்கிறது என்று தெரியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரத் துண்டு முறை இன்னும் ஒரு படி மேலே போனது: போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்தை அணிந்து வந்தால் போதும், வழி கேட்கவோ பெயர்ப்பலகை வாசிக்கவோ தேவையில்லை. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்தைப் பணித்திருந்தது; ஆயினும் பள்ளி துரையின் விருப்பத்துக்கு உட்பட்ட பொருளாகவே இருந்தது. கோ. நடேசய்யர் 1930களில் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே செய்தி சொன்னார். அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தைவிடப் பாட்டு அந்த லயன் என்னும் வரிசைக் குடியிருப்புகளில் அதிக தூரம் போகும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாதவர்களின் பள்ளிக்காக வாதாட எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். இந்த ஆண்டை வெறும் தேதியாகக் கடந்துவிடக் கூடாது. 1966இல் ஒரு லயக் காம்பராவில் பிறந்த பெண்ணுக்கு அப்போது 11 வயது. அதற்குள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்தப்பட்டிருப்பாள், அல்லது ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் நடத்தும் பள்ளியில் உயிரெழுத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். தனியார் துறையின் ஓய்வு வயதை 60 ஆக்கிய 2021ஆம் ஆண்டின் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், தேயிலையின் சுமையைக் கடைசியாகத் தாங்கி நின்ற தலைமுறை, பள்ளி கைக்கு வரும் முன்னே கூடை எடுத்த தலைமுறை என்பது விளங்கும்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளைக் கிட்ட நின்று பார்த்தால் எழுத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவு தெரியும். காலையிலும் பகலிலும் அந்தியிலும் கொழுந்து நிறுக்கப்படுகிறது. தராசில் ஒரு எண். கூடைக்கும் ஈரத்துக்குமாகச் சில கிலோ கழிக்கப்பட்டபின் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் வேறொரு எண். நாளுக்குரிய கிலோ நிறைந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளத் துண்டு பல தோட்டங்களில் ஆங்கிலத்திலேயே அச்சாகியிருக்கும். அதில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில், தீபாவளி முற்பணம் என்று கழிவுகள் வரிசையாக நிற்கும். 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அதில் 8 சதவீதம், அதாவது 2,700 ரூபா, தொழிலாளரிடமிருந்து போகிறது. 12 சதவீதமான 4,050 ரூபாவை நிர்வாகம் சேர்க்க வேண்டும். இரண்டும் கூடி மாதம் 6,750 ரூபா அவருடைய பெயரில் சேர வேண்டும். இந்தக் கணக்குக்குப் பெருக்கல் ஒன்றும் கூட்டல் ஒன்றும் போதும். ஆனால் அது தெரியாதவருக்கு, நிர்வாகம் தன் பங்கைக் கட்டாமல் விட்டாலும் ஓய்வு பெறும் நாள் வரை சேதி எட்டாது. கண்டி மாவட்டத்தில் அரச நிர்வாகத்திலுள்ள தோட்டங்களில் சேமலாப நிதி நிலுவை நெடுங்காலமாகத் தீராத பிரச்சினையாக இருந்து வருவது இதனால்தான் மனத்தைத் தைக்கிறது. சட்டம் 1958 முதல் இருக்கிறது. சட்டம் தரும் பணத்தைச் சரிபார்க்கும் கண்தான் ஆயிரக்கணக்கானோருக்கு மறுக்கப்பட்டது. எழுத்தறிவு அவருக்குப் புதிய வேலை எதையும் கொடுக்காவிட்டாலும், இருக்கும் வேலையின் விலையை அவர் கேட்டு வாங்கும் வலுவைக் கொடுக்கும். வேலைவாய்ப்பு என்று பேசுவோர் இந்த முதற் பலனைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கல்வியை வேலையோடு இணைக்கும் எண்ணம் உலகில் பழையதுதான். 1965இல் தெஹ்ரானில் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாட்டைத் தொடர்ந்து, யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை 11 நாடுகளில் தொழில்சார் எழுத்தறிவுத் திட்டத்தைச் சோதித்தது. உற்பத்தித் திறனைக் கூட்டுவதே அதன் பெரு நோக்கம். 1976இல் வெளிவந்த மதிப்பீடு, பொருளாதாரத்தை மட்டும் குறிவைத்த இடங்களில் கற்போரின் ஆர்வம் நிலைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. இதற்கு நேர் மாறான அனுபவம் தமிழ்நாட்டில் கிடைத்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்தவர்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டது. எத்தனை சுமை ஏற்றினோம், எவ்வளவு பணம் வர வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டிய நிலை வந்தபோது எழுத்து ஒட்டிக்கொண்டது. பாடம் முதலில், வேலை பிறகு என்ற வரிசையை அங்கே யாரும் பார்க்கவில்லை. வேலையின் மீதான உரிமையும் எழுத்தும் ஒரே நேரத்தில் கைக்கு வந்ததே அதன் சிறப்பு.

இதற்கு எதிராக இலங்கையின் சொந்த அனுபவத்தைக் காட்டுவோர் உண்டு. படித்தவருக்கே வேலை இல்லாத நாட்டில், படிக்காத முதியவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. அது புறக்கணிக்கத்தக்க கேள்வி அல்ல. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் வேர் படித்த இளைஞரின் வேலையின்மையில் இருந்தது. அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் அமைப்பின் குழு, பள்ளி ஊட்டிய எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருந்த வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையையே நோயாகக் கண்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் காலடியில் வாழும் ஊருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நோய் சான்றிதழ் மிகுந்து வேலை குறைந்ததால் வந்தது. கொழுந்து பறிப்பவரின் நிலை அதற்கு எதிர்ப்பக்கம்: வேலை இருக்கிறது, தேர்ச்சி இருக்கிறது, இரண்டையும் நிரூபிக்கும் தாள் இல்லை. பட்டதாரிக்கு வேலை இல்லை என்பதைக் காரணம் காட்டிக் கைநாட்டு வைப்பவரின் கையில் பேனா கொடுக்க மறுப்பது, ஒருவரின் காய்ச்சலுக்கு இன்னொருவரின் மருந்தை நிறுத்துவதாகும்.

தோட்டத் தரப்பின் பழைய ஆட்சேபம் வேறு வகையானது: எழுத்துக் கற்றால் ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். ஆட்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள், எழுத்துக் கற்றும் கல்லாமலும். கொழும்பின் கடைகளுக்கும் கண்டியின் கட்டட வேலைக்கும் மத்திய கிழக்கின் வீடுகளுக்கும் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தியது அறியாமை அல்ல, நிறுத்தக்கூடியதும் அது அல்ல. மேலும், நிர்வாகங்களே இப்போது முன்வைக்கும் வழி, ஒரு குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுத்துப் பராமரிக்கச் செய்து கிலோவுக்கு விலை தரும் வெளியாள் உற்பத்தி முறை. உரம், மருந்து, முற்பணம், கொழுந்தின் விலை என்று நாளும் கணக்கு வைக்க வேண்டிய சிறு விவசாயியாகத் தொழிலாளரை மாற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அவர் ஏடு பார்க்கத் தெரியாதவராகவே இருக்கட்டும் என்று விடுவது பழைய துண்டு முறையைப் புதுப் பெயரில் தொடர்வதில் போய் முடியும்.

காலமே இதைத் தீர்த்துவிடும், பழைய தலைமுறை ஓய்ந்தால் எழுத்தறியாமையும் ஓயும் என்பது மூன்றாவது வாதம். பள்ளியை ஐந்தாம் தரத்தில் விட்டவர், வாசிக்க ஒன்றும் இல்லாத லயத்தில் பத்து ஆண்டு கழித்தபின் எழுத்தை இழப்பதை இந்த வாதம் காண்பதில்லை. கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவுள்ளவராகவே பதிவாவார், வீட்டார் சொல்லும் விடைதான் அங்கே எழுதப்படுகிறது. கண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழை நன்றாக வாசிக்கும் ஒருவர், மலையிலிருந்து பஸ் பிடித்துக் கண்டி நகரில் இறங்கியதும் பாதி எழுத்தறியாதவராகி விடுகிறார். 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1987இல் தமிழும் ஆட்சிமொழியானது. மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பின்னர் அறிவிக்கப்பட்டன. ஆனாலும் கடையிலும் வைத்தியசாலையிலும் வேலை கேட்கும் இடத்திலும் நிரப்பக் கொடுக்கப்படும் தாள் பெரும்பாலும் சிங்களத்தில்தான். எனவே கண்டியில் வளர்ந்தோர் கல்வி தமிழ் எழுத்தோடு நின்றால் தொழிலாளரை மலையிலேயே விட்டுவிடும். தமிழில் வேரூன்றிய பின் சிங்கள எழுத்தும் தேவை. இதைத் தாய்மொழிக்கு இழைக்கும் துரோகமாகச் சிலர் காண்கிறார்கள். அந்தக் கவலைக்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2007 ஜூலைக்குப் பின் பணியில் சேரும் அரச ஊழியர் மற்ற ஆட்சிமொழியையும் ஐந்து ஆண்டுக்குள் கற்க வேண்டும் என்று அரசே விதித்திருக்கும்போது, இரு மொழியும் அறிந்த தமிழருக்குத் திறக்கும் கதவுகளை மூடி வைப்பதால் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை.

கட்டமைப்பு இல்லை என்று சொல்லவும் முடியாது. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்யோதய நிலையம் முதல், தோட்ட மக்களிடையே பணிபுரியும் அமைப்புகளின் நீண்ட அனுபவம் இருக்கிறது. தேசிய தொழில் தகைமை முறையில், பள்ளிச் சான்றிதழ் இல்லாத அனுபவசாலிகளும் முன்கற்றலை மதிப்பிடும் வழியாகத் தகைமை பெறலாம். பதினைந்து ஆண்டு மேசன் வேலை செய்த ஒருவர் வேலையைச் செய்து காட்டி, செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தால் போதும். அந்தக் கோவையை நிரப்பத் தெரியாமல் நிற்பவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே வகுப்பு நடப்பதில்லை என்பதுதான் குறை. மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நடத்தப்படும் வகுப்புக்குக் கொழுந்து பறித்த பெண் வர மாட்டார். அடுப்பும் பிள்ளைகளும் தண்ணீர்க் குடமும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கின்றன. அவர் எப்படியும் வந்து நிற்கும் இடம் கொழுந்து மடுவம். பகல் நிறுவைக்குப் பின் கிழமைக்கு இரண்டு முறை அரைமணி நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டால், எட்டு மணி நேர நாளுக்கு 1,350 ரூபா என்ற 2024ஆம் ஆண்டுக் கணக்கில் ஒருவருக்குக் கிழமைக்கு ஏறத்தாழ 169 ரூபா ஆகும். முதற் பாடப்புத்தகத்துக்குச் செலவே இல்லை. போன மாதச் சம்பளத் துண்டு அவருடைய சேலை முடிச்சிலேயே இருக்கிறது.