வயண்டாட் கோழி

வயண்டாட், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1870களில் உருவாக்கப்பட்ட கோழி இனம். முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து வளர்க்கப்படும் இருபயன் இனங்களுள் உலகம் முழுக்கப் பரவியவற்றில் இதுவும் ஒன்று. உருண்ட உடல், அடர்ந்த இறகு, மண்டையோடு படிந்த ரோஜாக் கொண்டை, இறகில்லாத மஞ்சள் கால்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். கடுங்குளிரைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தக் கொண்டை பின்னாளில் மரபியலுக்கே பாடமானது. இந்த இனத்தின் முக்கியமான குறைக்கும் அதுவே காரணம்.

பெயர்

வயண்டாட் என்பது வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர். இன்றைய கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் வாழ்ந்த அவர்கள், போராலும் வெளியேற்றத்தாலும் ஒகையோவுக்கும், 1843இல் கான்சஸுக்கும், பிறகு ஒக்லகோமாவுக்கும் இடம்பெயர்ந்தார்கள். இந்தக் கோழியை உருவாக்கியவர்கள் அவர்கள் அல்லர். அமெரிக்க மண்ணின் பெயராக இருக்கட்டும் என்று கோழி வளர்ப்பாளர்கள் சூட்டிக்கொண்டது அது. அதற்கு முன் இது ‘அமெரிக்கன் செப்ரைட்’, ‘செப்ரைட் கொச்சின்’ என்று அழைக்கப்பட்டது. இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய சிறு கோழிகளைப் போலவே இதன் இறகுகளிலும் கறுப்புக் கரை ஓடியதே அந்தப் பெயர்களுக்குக் காரணம்.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சின், பிரம்மா ஆகிய ஆசிய வழிக் கோழிகள் அமெரிக்காவுக்கு வந்தன. 1849இல் பாஸ்டனில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பிறகு இனக்கலப்பில் பெரும் ஆர்வம் பிறந்தது. ஆசியக் கோழிகள் பெரியவை, ஆனால் மெதுவாக வளர்பவை. கால்களில் இறகு இருந்ததால் சேற்றிலும் பனியிலும் அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பதும் சிரமம். மத்தியதரைக் கடல் நாட்டுக் கோழிகள் முட்டையில் சிறந்தவை; ஆனால் அவற்றின் உயர்ந்த ஒற்றைக் கொண்டை வடக்கத்திய குளிரில் உறைந்து, நுனி கறுத்து உதிர்ந்துவிடும். கொண்டை உறைந்த கோழி முட்டையிடுவதைக் குறைக்கும். சேவலின் இனப்பெருக்கத் திறனும் தளரும். நடுத்தர எடை, வெறுங்கால், குளிர்காலத்திலும் முட்டை, உறையாத கொண்டை ஆகிய நான்கும் பண்ணையாளர்களுக்கு ஒரே கோழியில் தேவைப்பட்டன.

எச். எம். டபுள்டே, ஜான் ரே, எல். விட்டேக்கர், பிரெட் ஹௌட்லெட் ஆகியோர் இந்த இனத்தின் மூலவர்களாகக் குறிப்பிடப்படுகிறார்கள். அடர்நிறப் பிரம்மாவிலிருந்து நிற அமைப்பும், வெள்ளிப் புள்ளி ஹாம்பர்க்கிலிருந்து ரோஜாக் கொண்டையும் வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

இன அங்கீகாரமும் நிற வகைகளும்

அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873இல் நியூயார்க்கின் பஃபலோ நகரில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே இனங்களின் தர வரையறை நூலை அது வெளியிட்டது. வெள்ளிக்கரை வயண்டாட் 1883இல் அந்நூலில் இடம்பெற்றது. பொன்கரை, வெள்ளை வகைகள் 1888இலும், மஞ்சட்பழுப்பு, கறுப்பு வகைகள் 1893இலும், கௌதாரி நிற வகை 1901இலும், வெள்ளிக்கோட்டு வகை 1902இலும், கொலம்பியன் 1905இலும், நீலம் 1977இலும் சேர்ந்தன. வெள்ளை வயண்டாட்டும் வரிப் பிளிமத் ராக்கும் கலந்து பிறந்த கொலம்பியன் வகைக்கு, 1893இல் சிகாகோவில் நடந்த கொலம்பியன் உலகக் கண்காட்சியின் பெயர் சூட்டப்பட்டது. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், சிறிய வடிவமான பேன்டம் வயண்டாட் இன்னும் பல நிறங்களில் வளர்க்கப்படுகிறது.

வெள்ளிக்கரை வகையின் தரத்தை அறிய ஒரு மார்பிறகைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். சேலையின் கரைபோல, வெள்ளை நடுப்பகுதியைச் சுற்றிக் கறுப்பு ஒரே அகலத்தில் முழுமையாக ஓட வேண்டும். கரைக்கு வெளியே சாம்பல் விளிம்பு தெரிந்தாலும், நடுவில் கறுப்புத் துகள்கள் சிதறியிருந்தாலும் குறை. தனித்தனியான பல மரபணுக்கள் ஒன்றுகூடினால்தான் இந்தக் கரை உருவாகும். கவனமில்லாமல் ஒரு முறை கலந்தாலும் குலைந்துவிடும். நீல நிறமோ எந்த நாளும் நிலைப்படாது: நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால், குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதிதான் நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெளிறிய சிதறல் நிறம்.

உடலமைப்பு

அமெரிக்கத் தர வரையறைப்படி சேவல் 3.9 கிலோ, பெட்டை 2.9 கிலோ அளவில் இருக்கும். முதுகு குட்டை, மார்பு அகலம், வால் சிறியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வளைவுகளே தெரியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 இளம்பழுப்பு முட்டைகள் கிடைக்கும். மஞ்சள் தோல் முட்டையிடும் திறனையும் காட்டிக்கொடுக்கும்: தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் எச்சத்துளை ஓரம் முதலில் வெளிறும், பிறகு கண் வளையம், அலகு, கடைசியாகக் கால். முட்டை நின்றதும் அதே வரிசையில் மஞ்சள் திரும்பும்.

கொண்டையும் கருவளமும்

மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டிய முதல் சான்றுகளுள் கோழிக்கொண்டையும் ஒன்று. ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் இதை வெளியிட்டார். ரோஜாக் கொண்டைக் கோழியையும் பிரம்மாவில் உள்ளது போன்ற பட்டாணிக் கொண்டைக் கோழியையும் கலந்தால், இரண்டிலும் சேராத வால்நட் கொண்டை பிறந்தது. அவற்றின் அடுத்த தலைமுறையில் வால்நட், ரோஜா, பட்டாணி, ஒற்றை ஆகிய நான்கும் 9:3:3:1 விகிதத்தில் வந்தன. இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரு பண்பைத் தீர்மானிக்கலாம் என்பதற்கு இன்றும் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு இது.

ரோஜாக் கொண்டை ஓங்கு பண்பு. ஆனால் அந்த மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த சேவலுக்கு விந்தணுக்களின் ஓட்டம் குறைவு. அதனால் அடை வைத்த முட்டைகளில் கருக்கூடாதவை அதிகமாகும். ஏழாம் குரோமோசோமின் ஒரு பெரும்பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதே ரோஜாக் கொண்டைக்குக் காரணம் என்று 2012இல் வெளியான ஆய்வு நிறுவியது. திரும்பிய பகுதியின் ஒரு முனை, விந்தணு இயக்கத்துக்குத் தேவையான வேறொரு மரபணுவை உடைத்துவிடுகிறது. ஒரு பிரதி மட்டும் உள்ள சேவலுக்கு இந்தக் குறை இல்லை. ஆகவே ஒற்றைக் கொண்டைப் பண்பை மறைவாகச் சுமக்கும் சேவல்களே அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையாகின்றன. வளர்ப்பாளர்கள் எத்தனை தலைமுறை கழித்துக்கட்டியும் வயண்டாட் குஞ்சுகளில் ஒற்றைக் கொண்டை மீண்டும் தலைகாட்டுவது இதனால்தான்.

பிற இனங்களில் பங்கு

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வெள்ளை இனம், கௌதாரி நிறக் கொச்சின், வெள்ளை வயண்டாட், ரோஜாக் கொண்டை வெள்ளை லெகார்ன் ஆகியவற்றின் கலப்பில் உருவானது. கனடாவின் கியூபெக்கில் துறவி வில்ஃபிரிட் ஷாத்லேன் உருவாக்கிய ஷாந்தெக்லேர் இனத்திலும் வெள்ளை வயண்டாட்டின் வழி உண்டு.

வளர்ப்பு

முட்டை பொரிய 21 நாள் ஆகும். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுத் தீவனத்தில் 18 முதல் 20 சதவீதம் புரதம் வேண்டும். முட்டையிடும் பருவத்தில் 16 சதவீதம் போதும், கிளிஞ்சல் தூள் தனியே வைக்க வேண்டும். கனத்த உடல் என்பதால் அடையும் கம்பு தாழ்வாக இருப்பது நல்லது; உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டுப் புண் வரும். கூண்டில் அடைத்துத் தானியத்தை மட்டும் கொட்டினால் கொழுப்பு சேர்ந்து முட்டை குறையும். மேய இடம் விட்டால் தானே இரை தேடிக்கொள்ளும். அடைகாக்கும் குணம் பல பெட்டைகளிடம் உண்டு.

அடர்ந்த இறகு குளிருக்கு அரண், வெயிலுக்குச் சுமை. கோழி தன் உடற்சூட்டின் ஒரு பகுதியைக் கொண்டை வழியே வெளியேற்றுகிறது. தட்டையான சிறு கொண்டையில் அதற்கு இடம் குறைவு. அதனால் வெப்ப நாடுகளில் இந்தக் கோழிக்கு நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் இன்றியமையாதவை. இனப்பெருக்கக் காலத்தில் எச்சத்துளையைச் சுற்றியுள்ள பஞ்சிறகைக் கத்தரித்துவிட்டால் முட்டைகள் கருக்கூடுவது கூடும்.

இன்றைய நிலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கறிக்கும் முட்டைக்கும் தனித்தனிக் கலப்பினங்கள் வந்ததும் வணிகப் பண்ணைகளிலிருந்து வயண்டாட் மறைந்தது. வீட்டுக் கொல்லைகளிலும் கண்காட்சிகளிலும் பிழைத்து, அங்கிருந்தே மீண்டும் பெருகியது. இதை வளர்ப்பவர்கள் கொண்டையின் அழகை மட்டும் பார்த்து ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளை முற்றிலும் கழிக்கக் கூடாது. நல்ல உடலும் நல்ல முட்டையும் உள்ள ஒற்றைக் கொண்டைப் பெட்டையை ரோஜாக் கொண்டைச் சேவலோடு அவ்வப்போது சேர்ப்பதே இந்த இனத்தின் கருவளத்தைக் காக்கும் வழி.