கற்பிட்டிக் கரையும் காணி உறுதியும்

கள்ள உறுதிகளைத் தடுக்க இலங்கையில் ஆங்கிலேயர் இயற்றிய 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும், அதாவது உறுதி எழுத உரிமம் பெற்றவரும், இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடாத காணிக் கைமாற்றம் செல்லாது என்றது. ஆளை அடையாளங்காட்டும் தேசிய அட்டைக்கு 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டம் வழிவகுத்தது. இவ்விரு காப்புகளும் தாளையே நம்பியவை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டியில் கரையிறங்கிய முஸ்லிம்களில் பலர், உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கைவிட்டு வந்தமையால், தம் சொத்துக்கும் பெயருக்கும் சான்றின்றி நின்றனர். மோசடிக்காரனுக்கு இதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை. ஆயினும் நொத்தாரிசு அனுப்பும் இரண்டாம் படி காணிப் பதிவகத்தில் பேணப்படுவதால், உறுதியை இழந்த குடும்பங்கள் அங்கு சென்று தம் காணியின் பதிவைச் சரிபார்த்து, அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்றுவைப்பது அவசியம்.