இடது கைத் தழும்பு

என் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே இரண்டு தழும்புகள் இருக்கின்றன. ஒன்று குன்றிமணி அளவு. காசநோய்த் தடுப்பூசி விட்டுச்சென்றது. மற்றது பழைய காலணா அகலம், நடுவில் பொடிப்பொடியாகக் குழிந்திருக்கும். அது பெரியம்மைக்குக் குத்தியது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் அதை ‘அச்சு குத்து’ என்பார்கள். மலையாளத்திலும் அதே பெயர்தான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண், சொல்லை மட்டும் விட்டுவிடுமா?

1965. பத்மநாபபுரம் கோட்டைக்குள் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அம்மை குத்துகிறவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் பையன்கள் சன்னல் வழியே குதித்துக் கோட்டை மதிலோரம் ஓடினார்கள். ஓடத் தெரியாத நான் அகப்பட்டுக்கொண்டேன். மேசைமேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு. கையில் பிடியுள்ள ஒரு கம்பி. அதன் நுனியில் முட்கள் வைத்த சின்ன வட்டம். தோலில் ஒரு சொட்டு அம்மைப்பாலை விட்டு, அதன்மேல் அந்த வட்டத்தை அழுத்தி ஒரு திருகு திருகினார். வலியைவிட அந்தத் திருகல்தான் நினைவில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து அழுததும் ஆச்சி, “எம் மூஞ்சியப் பாத்துட்டு அழு பிள்ளே” என்றாள். அவள் முகம் முழுக்க அம்மைக் குழி. சிறுபிள்ளையில் வைசூரி, அதாவது பெரியம்மை, கண்டு பிழைத்தவள். தெருவில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தாளிக்காத வீடு, வாசலில் வேப்பிலைக் கொத்து, வாழையிலையில் கிடக்கும் பிள்ளை. பக்கத்தில் ஆச்சி உட்கார்ந்து விசிறுவாள். பயமில்லையா என்று கேட்டதற்கு, “எங்கிட்ட ஒருக்கா வந்துட்டுப் போயிட்டா. இனி வரமாட்டா மக்ளே” என்றாள்.

நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பின்னாளில் நான் எட்டாம் வகுப்புக்கு எடுத்த பாடம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். புதிய கிருமியை அடையாளம் கண்டு, அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்க உடம்புக்கு ஒன்றிரண்டு வாரமாகும். அதற்குள் கிருமி முந்திக்கொள்ளலாம். பெரியம்மையில் பத்துப்பேருக்கு மூன்றுபேர் வரை செத்தார்கள். பிழைத்தவர் உடம்பில், அந்தக் கிருமியோடு பொருதிய வெள்ளணுக்களில் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி நுழைந்தால் சில நாளிலேயே பெருகி மடக்கிவிடும். ஆச்சி அந்தக் காவலுக்குக் கொடுத்த விலை, அவள் முகம்.

விலை குறைவாகவும் அந்தக் காவலை வாங்கலாம் என்று காட்டியவர் எட்வர்ட் ஜென்னர். 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். பிறகு பெரியம்மைச் சீழை ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டும் உறவுக் கிருமிகள். சாதுவானதைப் பார்த்துப் பழகிய உடம்பு கொடியதையும் அடையாளம் கண்டுகொள்கிறது. (இன்று ஒரு வைத்தியர் இப்படிச் செய்தால் ஊர் சும்மா விடாது.)

ஆனால் மருந்து கெடாமல் ஊர்விட்டு ஊர் போகவேண்டுமே. குளிர்பெட்டி இல்லாத காலம். குத்தி எட்டாம் நாள் கொப்புளம் முற்றும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த பிள்ளையின் கையில் ஏற்றவேண்டும். அந்தப் பிள்ளைக்கு எட்டு நாள் கழித்து இன்னொரு பிள்ளை. பாக்தாத், பஸ்ரா வழியாக வந்த மருந்தை 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயது ஆன்னா டஸ்ட்ஹாலுக்குக் குத்தினார்கள். இந்தியாவில் முதல் குத்து அதுதான். பிறகு அது கைமாறிக் கைமாறித் தெற்கே வந்தது.

‘கைமாறி’ என்று சுலபமாக எழுதிவிட்டேன். திருவிதாங்கூரில் ஒரு கை இன்னொரு கையை எளிதில் தொட்டுவிட முடியாது. இன்னின்ன சாதி இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு. அங்கே ஒரு பிள்ளையின் உடம்பு நீரை மற்றொரு பிள்ளையின் உடம்புக்குள் விடச் சொன்னால்?

1810 முதல் 1815 வரை ஆண்ட ராணி கௌரி லட்சுமி பாய்க்கு இது தெரிந்திருக்கவேண்டும். தலைநகரம் அதற்குமுன்பே பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரம் போய்விட்டது. இருபது வயதைச் சுற்றிய ராணி. ஆங்கிலேயக் கம்பெனியின் ரெசிடென்டும் திவானுமாக இருந்தவர் கர்னல் மன்றோ. அம்மை குத்தும் முறையை நாட்டுக்குள் கொண்டுவந்தபோது, அரச குடும்பத்தார் முதலில் குத்திக்கொண்டார்கள். அரண்மனையே கையை நீட்டியபின் மற்றவர்கள் என்ன சாக்குச் சொல்ல?

சென்னையில் வேறொரு தந்திரம். அங்கே கலெக்டராக இருந்த எல்லிஸ், குறளுக்கு உரை எழுதிய நம் எல்லீசன்தான், பசுவின் அம்மைப்பால் தெய்வம் தந்த வரம் என்று சொல்லும் கதையொன்றைத் தமிழில் புனைந்தார். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் காலத்தில் கிளம்பிய இப்படிப்பட்ட புனைவுகளின் வால்தான், ‘நம் முன்னோருக்கு எப்போதோ தெரியும்’ என்று இன்றும் என் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கிறது.

ராணியின் காலத்தையொட்டி, அதே தோளைப் பற்றி இன்னொரு வழக்கும் தொடங்கியது. கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் தோளையும் மார்பையும் மூடும் குப்பாயம் போட மன்றோ அனுமதித்தார். மேல்சாதியார் பொறுக்கவில்லை. 1858, 59இல் எங்கள் கல்குளம் பக்கமே கலவரமானது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் எல்லாரும் குப்பாயம் போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று அறிவித்தார். அவர் லட்சுமி பாயின் இளைய மகன், ஆங்கில மருத்துவத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். ஊசிக்காகத் தோளைத் திற என்ற அரசே, தோளை மூட நினைத்தவளை அரை நூற்றாண்டு இழுத்தடித்தது. அவள் அந்த ஊசியை எப்படி நம்பியிருப்பாள்?

1879இல் அம்மை குத்துவது அரசு ஊழியருக்கும், கைதிகளுக்கும், மாணவருக்கும் கட்டாயமானது. அந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். அன்று சர்க்கார் பள்ளியில் யார் பிள்ளை இருந்தது? சேரிக்குள் நுழையவே தயங்கியவர்களைக் கொண்டு யார் கையில் குத்த முடியும்?

தொடுதலின் சிக்கலைக் கடைசியில் கன்றுக்குட்டிதான் தீர்த்துவைத்தது. கன்றின் வயிற்றுத் தோலில் அம்மைப்பாலை வளர்த்துச் சுரண்டியெடுத்துக் கிளிசரினில் கலந்து வைப்பார்கள். சென்னைக் கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிலையத்தின் அன்றைய தொழிலே அதுதான். பிறகு சூடு தாங்கும் உலர்மருந்து வந்தது. 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில், கடைசி நோயாளி சைபன் பீபியோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1977இல் சோமாலியாவில், இயற்கையாகப் பரவியதன் கடைசி நோயாளி. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். ஆச்சி அதற்கு இரண்டாண்டு முன்பே போய்விட்டாள்.

2021இல் கொரோனா ஊசிக்காகத் தக்கலையில் வரிசையில் நின்றேன். சட்டைக் கையைச் சுருட்டிய நர்சுப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

“இதென்னம்மா, ரெண்டு இருக்கு?”

“சின்னது உனக்கும் இருக்கும்.”

“இருக்கு. பெருசு?”

“அது வைசூரிக்கு.”

அவள் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. தழும்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பஞ்சால் துடைத்தாள்.