ஊதிப் பார்க்கும் சட்டம்: சந்தேகமா, சமத்துவமா?

மதுபோதையில் வாகனம் ஓட்டுவோரைத் தடுக்கத் தண்டனையைக் கூட்டினால் போதும் என்ற வாதம், எமது மண்டப விழாக்களிலும் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் தேநீர் இடைவேளைகளிலும் அடிக்கடி எழுவதுண்டு. வரலாறு இதனை ஏற்பதாக இல்லை.

பிரித்தானியாவில் 1967 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த வீதிப் பாதுகாப்புச் சட்டம், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்ற எல்லையை வகுத்தது. பொலிஸாரின் கையில் மூச்சுச் சோதனைக் கருவியையும் கொடுத்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் வாகனம் ஓட்டாதவர். இவருக்கு என்ன தெரியும் என்று ஏசினார்கள். ஆனால் வார இறுதி இரவுகளில் விபத்துகள் சடுதியாகக் குறைந்தன. முதல் ஆண்டில் சாவுகள் 1,100க்கு மேல் குறைந்ததாக அரசு கணக்கிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இப்பயன் பெருமளவு கரைந்துவிட்டதை அமெரிக்க சமூகவியலாளர் எச். லோறன்ஸ் றொஸ் எடுத்துக்காட்டினார். சட்டம் அப்படியேதான் இருந்தது. விளம்பரம் ஊட்டிய அச்சத்தில் அடங்கியிருந்தவர்கள், வீதியில் தம்மை மறிப்பது அரிது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். எவரையும் சோதிக்கலாம் என்ற ஆரம்ப யோசனை எதிர்ப்பினால் கைவிடப்பட்டிருந்தது. சந்தேகம், வீதிக் குற்றம், விபத்து ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மட்டுமே ஊதச் சொல்லலாம்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசெம்பரில் வேறு வழியை எடுத்தது. மறிக்கப்பட்டவர் எவராயினும் ஊத வேண்டும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ மூன்று சாரதிகளுக்கு ஒரு சோதனை. விளம்பரம் சொன்னதை மக்கள் வீதியில் கண்ணால் கண்டார்கள். சாவுகள் குறைந்தன, அக்குறைவு நிலைத்தது.

பிரசாரம் வீணென்று சொல்லவரவில்லை. பிரித்தானியாவில் மதுபோதை விபத்துகளில் 1979இல் 1,640 பேரும், 2019இல் 230 பேரும் இறந்தனர். குடித்துவிட்டு ஓட்டுவதை வெட்கக்கேடாக மாற்றிய நீண்டகாலப் பிரசாரத்துக்கும் இதில் பங்குண்டு.

சோதனைச் சாவடி என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது வேறு. அங்கே அடையாள அட்டையிலிருந்த பெயரே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே பொலிஸாருக்கு மேலதிக அதிகாரம் என்றதும் நாம் தயங்குவது இயல்பே. ஆயினும் 'சந்தேகம் இருந்தால் மட்டும்' என்ற விதி யாரைப் பாதுகாக்கிறது? சந்தேகம் பொலிஸ்காரரின் கண்ணில் பிறப்பது. கறுத்த முகங்களை அந்தக் கண் எப்படிப் பார்க்கும் என்பது நாம் அறியாததல்ல. வருகிற எல்லோரையும் ஊதச்சொல்லும் சோதனையில் முகத்துக்கு வேலையில்லை. அச்சோதனை வசதியானவர்களின் தெருக்களிலும் நடக்கிறதா என்று கேட்பதே உரிமை பேசுவோரின் பணி என நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும்.