தரகர்

வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் தொழிலுக்குத் தரகு என்று பெயர். அதற்குப் பெறும் கூலியும் தரகுதான். தொழில் செய்பவர் தரகர். மலையாளத்திலும் இச்சொல் உண்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றுக்குத் ‘தரகன்’ பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது.

வீடு, மனை விற்பனையில் இடம் காட்டுவது, விலை பேசிவிடுவது ஆகியவற்றோடு தரகரின் வேலை பொதுவாக முடிந்துவிடும். உரிமையாளருக்காக அட்வான்ஸ் வாங்கவோ கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ உரிமையாளர் தரகருக்குத் தனியே அதிகாரம் தந்திருக்க வேண்டும். “எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்ற தரகரின் வாய்ப்பேச்சு அதிகாரம் ஆகாது. அதிகாரம் தரும் ஆவணமே பவர் பத்திரம். அதுவும் கிரயப் பத்திரத்துக்கு ஈடல்ல. பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.